"பாதிப்பு கண்டறியப்படவில்லை": இந்த ரெண்டு வார்த்தை யாருக்கு உதவுது?

1/
ஆலைக்கழிவு, குப்பைமேடு, பூச்சிமருந்து, எதுவா வேணா இருக்கட்டும். ஊர் ஜனம் வருஷக்கணக்கா போராடின பிறகு ஒரு அறிக்கை வரும். அதில் ஒரு வரி இருக்கும்: "குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் கண்டறியப்படவில்லை." மறுபக்கம் இன்னொரு அறிக்கை வரும்: "ஊரே நோயால் அழிந்துகொண்டிருக்கிறது." இந்த ரெண்டு வரியையும் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மழுப்பி எழுதின ஆய்வும், மிகைப்படுத்தி எழுதின ஆய்வும் கடைசியில் ஒரே ஆளுக்குத்தான் உதவும்: யாருக்கு இழுத்தடிக்க நேரம் வேணுமோ அவருக்கு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்த நேரம் கிடையாது. அதனால, இந்த மாதிரி விஷயத்தில் தெளிவா எழுதறதை நான் மொழிநடை சமாச்சாரமா பார்க்கலை. மருந்துச் சீட்டில் டோஸ் சரியா எழுதற மாதிரி அதுவும் டாக்டர் வேலைதான்.

3/
"நாங்க ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போறதில்லையே டாக்டர்" னு கேட்பீங்க. சரிதான். ஆனா உங்க வீட்டுப் பிள்ளை காலேஜ் ப்ராஜெக்ட் எழுதும். உங்க ஊருக்கு ஒரு நாள் ஆய்வுக்குழு வந்து ரத்தம் எடுக்கும். "ஆய்வில் அதிர்ச்சித் தகவல்" னு வாட்ஸ்அப்பில் வரும். எது நல்ல ஆய்வு, எது சும்மா பேப்பர்னு தெரிஞ்சா ஏமாற மாட்டீங்க.

4/
ஒரே ஒரு ஊரை எடுத்துக்குவோம். கேரளாவின் வடகோடி, காசர்கோடு. அங்கே அரசுக்குச் சொந்தமான கேரள பிளான்டேஷன் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்கள், 4,500 ஹெக்டேருக்கு மேல். முந்திரியைத் தாக்கும் 'தேயிலைக் கொசு' என்ற பூச்சியை ஒழிக்க, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிச்சாங்க. தோட்டம் குன்றின் மேல. ஜனம், கிணறு, ஓடை எல்லாம் கீழே.

5/
பிறவிக் குறைபாடு, மூளை வளர்ச்சிக் குறை, வலிப்பு, தோல் நோய், புற்றுநோய்னு ஊருக்குள்ள பேச்சு வந்தது. முதலில் கவனிச்சது பெரிய நிறுவனங்கள் கிடையாது. பட்ரே என்ற கிராமத்தில் பிராக்டிஸ் பண்ணின டாக்டர் ஒய்.எஸ். மோகன்குமார், ஒரே பகுதியிலிருந்து இத்தனை கேஸ் ஏன் வருதுன்னு கேட்டார். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா 1998இல் கோர்ட்டுக்குப் போனார். ஒரு டாக்டரும் ஒரு அரசு ஊழியரும் ஆரம்பிச்ச விஷயம் இது.

6/
அதுக்கப்புறம் வந்ததுதான் பேப்பர் சண்டை. 2001இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பட்ரேவிலிருந்து ரத்தம், தாய்ப்பால், தண்ணீர், மண் எல்லாம் எடுத்துச் சோதிச்சு, எண்டோசல்ஃபான் மிக அதிகமா இருக்குன்னு சொன்னது. அதே வருஷம் பிளான்டேஷன் கார்ப்பரேஷன் கேட்டுக்கொண்டபடி தமிழ்நாட்டில் உள்ள ஒரு ஆய்வகம் சோதிச்சு, ரத்தத்தில் எச்சம் இல்லைன்னு சொன்னது. ஒரே பகுதி, ஒரே வருஷம், ரெண்டு பதில்.

7/
இந்த இடத்தில் சாதாரண வாசகர் என்ன நினைப்பார்? "ஆளுக்கொண்ணு சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்" னு அடுத்த செய்திக்குப் போயிடுவார். அதிகாரி இன்னொரு கமிட்டி போடுவார். காசர்கோட்டுக்கு அப்படி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கமிட்டிகள் வந்தன. ஒண்ணு தொடர்பு இருக்குங்கும், அடுத்தது இல்லைங்கும். நடுவுல குழந்தைகள் வளர்ந்துக்கிட்டே இருந்தாங்க. சிலர் வளராமலேயே போனாங்க.

8/
ரெண்டு லேப் ரெண்டு பதில் சொன்னா ஒருத்தர் பொய் சொல்றார்னு உடனே முடிவு கட்டாதீங்க. முதலில் கேட்க வேண்டியது: ரத்தம் எடுத்தது எந்தத் தேதி? கடைசித் தெளிப்பு முடிஞ்சு எத்தனை நாள்? யார்கிட்ட எடுத்தாங்க, எத்தனை பேர், தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம்? சாம்பிளை எந்தக் குளிரில் வெச்சு எடுத்துட்டுப் போனாங்க? எந்தக் கருவி, அது எவ்வளவு குறைந்த அளவு வரை பார்க்கும்? இதில் ஒவ்வொண்ணும் பதிலைத் தலைகீழா மாத்தும்.

9/
எழுதறவங்களுக்கு என் முதல் விதி அதனால இதுதான்: உங்க முறையைப் படிச்சு, உங்களைப் பிடிக்காத ஒருத்தர் அதே வேலையை அப்படியே திரும்பச் செய்ய முடியணும். "உரிய முறையில் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்பது ஒரு தகவலே கிடையாது. "காலை 7 முதல் 9 மணிக்குள், வெறும் வயிற்றில், இன்னாரிடமிருந்து 5 மில்லி" என்பது தகவல். சமையல் குறிப்பில் "உப்பு உரிய அளவு" னு போட்டா சாம்பார் கெடும். இங்கே கெடுறது ஒரு ஊரின் வழக்கு.

10/
இப்போ நல்ல உதாரணத்துக்கு வர்றேன். அகமதாபாத்தில் ஐ.சி.எம்.ஆர். கீழே இருக்கும் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் காசர்கோட்டுக்கு வந்தது. அவங்க கண்டதில் ஒரு பகுதி 2003இல் 'என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்ற ஜர்னலில் வந்தது. முதல் ஆசிரியர் ஹபிபுல்லா சையத். நான் மாணவர்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் படிக்கச் சொல்றேன். அவங்க "எண்டோசல்ஃபான் கெட்டதா?" னு கேட்கவே இல்லை. அது மேடைக்கான கேள்வி.

11/
அவங்க கேட்ட கேள்வி சின்னது. பல வருஷம் தெளிச்ச ஊரில் வளர்ற பையன்களுக்குப் பருவ வளர்ச்சி, தெளிக்காத ஊர்ப் பையன்களை விடத் தாமதமா? தெளித்த ஊரில் 117 பேர், தெளிக்காத ஊரில் 90 பேர், வயது 10 முதல் 19. வயசு வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கிட்டுப் பார்த்தாங்க. தாமதம் தெரிஞ்சது. ரத்தத்தில் எண்டோசல்ஃபான் சராசரி இங்கே 7.47, அங்கே 1.37 பிபிபி. பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு.

12/
கவனிங்க. தெளிக்காத ஊரிலும் பூஜ்யம் இல்லை, 1.37. ஒரு மிகைப்படுத்தும் ஆள் இந்த எண்ணை மறைச்சிருப்பார், தன் கதை பலவீனமாகும்னு. இவங்க போட்டாங்க. அதனாலதான் 7.47க்கு மதிப்பு. கூட்டத்தில் "எங்க ஊர் ரத்தத்தில் விஷம்" னு சொன்னா கைத்தட்டல் கிடைக்கும். "பக்கத்து ஊரை விட ஐந்து மடங்குக்கு மேல்" னு சொன்னா எதிர்த்தரப்பு வக்கீல் பதில் சொல்லியாகணும். ஒப்பிட இன்னொரு ஊர் இல்லாத எண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

13/
இன்னொண்ணு. கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியிலேயே, எங்க ஆய்வில் ஆட்கள் எண்ணிக்கை குறைவு, எல்லாரும் பங்கெடுக்கவும் இல்லை, இவை எங்க குறைகள்னு எழுதிட்டாங்க. "தாமதப்படுத்தக்கூடும்" என்ற அளவோடு நிறுத்திக்கிட்டாங்க. அந்தக் கட்டுரையை எதிர்த்து மறுப்புக் கடிதங்கள் அதே ஜர்னலில் வந்தன, ஆசிரியர்கள் பதிலும் வந்தது. குறையை முதல்லயே ஒத்துக்கிட்டவரை, "குறையை மறைச்சுட்டார்" னு யாரும் பிடிக்க முடியாது.

14/
இளம் டாக்டர்கள் பயப்படற இடம் இது. "குறையை எழுதினா ரிஜெக்ட் ஆயிடுமே சார்." எழுதாம விட்டாலும் குறை அங்கேயேதான் இருக்கும். வித்தியாசம் என்னன்னா, நீங்க எழுதினா உங்க வார்த்தையில், அதோட உண்மையான எடையில் இருக்கும். கம்பெனி வக்கீல் கண்டுபிடிச்சா அவர் வார்த்தையில் வரும். அதுவும் குறுக்கு விசாரணையில், நீங்க கூண்டில் நிற்கும்போது.

15/
இப்போ தலைப்பில் இருக்கும் ரெண்டு வார்த்தைக்கு வருவோம். "பாதிப்பு கண்டறியப்படவில்லை." இதுக்கு மூணு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு: தேடவே இல்லை. ரெண்டு: தேடினோம், ஆனா கண்ணில் படுற அளவுக்கு ஆட்களும் இல்லை, கருவியும் இல்லை. மூணு: போதுமான பேரிடம் ஒழுங்கா தேடினோம், நிஜமாவே இல்லை. மூணும் வேற வேற. தமிழ் அரசு அறிக்கை நடையில் மூணுக்கும் ஒரே வரி!

16/
கணக்காவே பார்க்கலாம். ஒரு குழு ஊரில் 30 பேரைச் சோதிச்சு, ஒருத்தருக்கும் அந்த நோய் இல்லைன்னு சொல்லுதுன்னு வைங்க. நிம்மதியா? புள்ளியியலில் ஒரு சுலபமான கணக்கு உண்டு: மூணை ஆட்கள் எண்ணிக்கையால் வகுங்க. 3/30, அதாவது 10 சதவீதம். ஊரில் பத்தில் ஒருத்தருக்கு அந்த நோய் இருந்தாலும், அந்த 30 பேரில் யாருக்கும் இல்லாம போக வாய்ப்பு இருக்கு. 300 பேரைச் சோதிச்சா அது 1 சதவீதமா இறங்கும். 5,000 பேர் இருக்கும் ஊரில் 1 சதவீதம்னா 50 பேர்.

17/
அதனால "கண்டறியப்படவில்லை" னு முடிக்காதீங்க. யார் தேடினது, எத்தனை பேரிடம், எதை வெச்சு, எவ்வளவு பெரிய பாதிப்பு இருந்தா உங்க வலையில் மாட்டியிருக்கும்? இதையும் சேர்த்து எழுதுங்க. "30 பேரைச் சோதித்தோம். ஒருவருக்கும் இல்லை. ஆனால் பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்பட்டிருந்தால்கூட இந்த ஆய்வு அதைத் தவறவிட்டிருக்கலாம்." இப்படி எழுதின அறிக்கையை யாரும் நற்சான்றிதழ் மாதிரி தூக்கிக் காட்ட முடியாது.

18/
மறுபக்கத்துக்கும் அதே அளவுகோல். "நோய் இரண்டு மடங்கு" னு தலைப்பு போடறாங்க. ஆயிரத்தில் 2 பேருக்கு வந்தது 4 ஆச்சா, 200 பேருக்கு வந்தது 400 ஆச்சா? மடங்கு மட்டும் சொல்லி, அடி எண்ணைச் சொல்லாம விடறது எடையைக் காட்டாம மீன் விக்கிற மாதிரி. "தொடர்பு இருக்கிறது" என்பதும் "இதனால்தான் வந்தது" என்பதும் வேற வேற. ஒரு ஆய்வு முதலாவதை மட்டும் காட்டியிருந்தா, கோபத்தில் ரெண்டாவதை எழுதக்கூடாது. அந்த ஒரு வரி உடைஞ்சா, மத்த உண்மைகளும் அதோட சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

19/
காசர்கோட்டில் இது நடந்துக்கிட்டேதான் இருக்கு. ஊரில் உள்ள எல்லா நோயையும் எண்டோசல்ஃபான் கணக்கில் எழுதினவங்களும் உண்டு. அதை உதாரணம் காட்டி, எதுவுமே அதனால வரலைன்னு வாதிடுறவங்களும் உண்டு. தெளிக்கறதுக்கு முன்னாடி அந்த ஊர்களில் ஆயிரம் பிரசவத்துக்கு எத்தனை பிறவிக் குறைபாடுன்னு ஒழுங்கான பதிவேடு இருந்திருந்தா, பாதிச் சண்டை ஒரே பக்கத்தில் முடிஞ்சிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் எழுதற பிறப்புப் பதிவேடு எவ்வளவு பெரிய ஆவணம்னு இங்கே புரியும்.

20/
"தெளிவா எழுதினா எதிரி விட்டுடுவானா?" விட மாட்டான். அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர் கதையைப் பாருங்க. மாசாசூசெட்ஸில் ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரிச்சார். பல்லில் ஈயம் அதிகம் இருந்த 58 குழந்தைகளையும், குறைவா இருந்த 100 குழந்தைகளையும் ஒப்பிட்டார். ஈயம் அதிகமுள்ளவர்களின் ஐ.க்யூ. குறைவு, வகுப்பில் கவனமும் குறைவு. 1979இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. நோயாளி மாதிரியே தெரியாத குழந்தைக்கும் ஈயம் கெடுதி செய்யுதுன்னு காட்டின கட்டுரை அது.

21/
1991இல் அவர் மேல் ஆராய்ச்சி மோசடிப் புகார் வந்தது. கொடுத்த ரெண்டு பேரும் ஈயத் தொழில் தரப்புக்கு நிபுணர் சாட்சியா இருந்த உளவியலாளர்கள். அவர் வேலை பார்த்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் விசாரிச்சது. மூலத் தரவு, கணக்குத் தாள் எல்லாம் வெளியே வந்தது. சில குறைகளைச் சுட்டிக்காட்டினாங்க, மோசடி இல்லைன்னு தீர்ப்பு. தரவு பத்திரமா இருந்ததால் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க முடிஞ்சது. அடிப்படை முடிவு நின்னது. அமெரிக்கா 1996இல் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோலை முழுசா நிறுத்தியது. இந்தியா 2000இல்.

22/
எழுதறவங்களுக்கு அடுத்த விதி அதிலிருந்து வருது. ஒரிஜினல் படிவங்களைத் தூக்கிப் போடாதீங்க. தீசிஸ் வைவா முடிஞ்சதும் பழைய பேப்பர்காரரிடம் போடற பழக்கம் நம்ம ஊரில் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு ஒரு ஊருக்கு அந்தப் படிவம்தான் ஒரே சாட்சியா இருக்கலாம். அப்புறம், பணம் யார் கொடுத்தாங்கன்னு முதல் பக்கத்திலேயே எழுதுங்க. கம்பெனி காசு வாங்கினா மட்டும் இல்லை, போராட்டக்குழு காசு வாங்கியிருந்தாலும்.

23/
ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "பேப்பர் தெளிவா வர்ற வரைக்கும் ஜனங்க விஷம் குடிக்கணுமா?" கூடவே கூடாது. லீலாகுமாரி அம்மாவின் வழக்கில் கோர்ட் தெளிப்பை நிறுத்தினது, நான் மேலே சொன்ன கட்டுரை வர்றதுக்கு முன்னாடி. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது, சில விலக்குகளோடு. அடுத்த மாதமே நம்ம உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. முழு நிரூபணத்துக்காகக் காத்திருக்கலை. முன்னெச்சரிக்கை, உயிர் வாழும் உரிமை, ரெண்டையும் வெச்சுதான்.

24/
பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் 1965இலேயே இதைச் சொல்லிட்டார். அறிவியல் எப்பவுமே முழுமையடையாதது, அதுக்காகக் கையில் இருக்கும் அறிவை ஒதுக்கி வைக்கவோ, தேவையான நடவடிக்கையைத் தள்ளிப்போடவோ உரிமை கிடையாதுன்னு. என் கணக்கில் இது ரெண்டு தனித்தனி வேலை. நிறுத்தறதுக்குச் சந்தேகம் போதும். எழுதும்போது அந்தச் சந்தேகத்தைச் சந்தேகம்னே எழுதணும். "60 சதவீதம்தான் உறுதி, ஆனா தப்பினா இழப்பு குழந்தைகளுக்கு, அதனால் நிறுத்துங்க." இப்படி எழுத வெட்கப்பட வேண்டியதில்லை.

25/
இதில் உண்மையில் என்ன பணயம்னு கேட்டா, பட்டியல். காசர்கோட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்காங்க. அதில் பேர் இருந்தா மருத்துவ உதவி, நஷ்டஈடு. இல்லைன்னா எதுவும் இல்லை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆளுக்கு 5 லட்சம் ரூபாயை 3 மாதத்தில் கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதத்திலும் அதே நீதிமன்றம், ஏன் இன்னும் கொடுக்கலைன்னு கேரள அரசைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

26/
பட்டியலில் யார் உள்ளே, யார் வெளியேன்னு முடிவு பண்றது டாக்டர்கள் எழுதின பேப்பர். எந்த நோய்க்குத் தொடர்பு எவ்வளவு உறுதி, எவ்வளவு தூரம் வரை, எந்த வருஷம் வரை பிறந்தவங்க, இதெல்லாம் மங்கலா இருந்தா, அந்த மங்கல் நேரா ஒரு அம்மா தலையில் வந்து விழும். படுக்கையில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிட்டு மருத்துவ முகாமுக்குப் போய், "இதனாலதான்" னு அவங்க நிரூபிக்கணும். நம்மால் எழுத முடியாததை அவங்க எப்படி நிரூபிப்பாங்க?

27/
எழுதப் போற மாணவர்களுக்கு இன்னும் ரெண்டு. எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை, அவங்களே "ஆமா, இதைத்தான் சொல்றோம்" னு ஒத்துக்கற மாதிரி எழுதிட்டு, அப்புறம் பதில் சொல்லுங்க. அடுத்தது, ரத்தம் கொடுத்த ஜனங்களுக்கு அவங்க மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. அதைக் கிராம சுகாதார செவிலியரிடம் படிக்கக் கொடுத்து, திரும்பச் சொல்லச் சொல்லுங்க. அவங்க சொல்றது உங்க முடிவோட ஒத்துப்போனா கட்டுரை தெளிவா இருக்கு. போகலைன்னா ஜர்னலுக்கு அனுப்பாதீங்க.

28/
படிக்கறவங்களுக்கு அஞ்சு கேள்வி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. எத்தனை பேரைப் பார்த்தாங்க? யாரோட ஒப்பிட்டாங்க? எப்போ, எப்படி அளந்தாங்க? பணம் யாருது? எங்களுக்குத் தெரியாதது இதுன்னு எங்கேயாவது எழுதியிருக்காங்களா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" னு பதில் வந்தா, அது நம்ம பக்கத்து அறிக்கையா இருந்தாலும் சந்தேகப்படுங்க.

29/
அடுத்த முறை உங்க ஊருக்கு ஆய்வுக்குழு வந்தா ஊசிக்குக் கை நீட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "ரிசல்ட்டைத் தமிழில் எழுதி எங்களுக்குக் கொடுப்பீங்களா? எந்த மாசம்?" அதைக் கேட்க முழு உரிமை உங்களுக்கு இருக்கு. கமெண்ட்டில் சந்தேகம் கேளுங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். மெடிக்கல் காலேஜில் படிக்கிற பிள்ளைகள் யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு இதை அனுப்புங்க.